ஸ்டெப்னி ஊரின் ஒன்பதுக்கு மூன்று

நடுராத்திரி. விழுப்புரம் தாண்டி பைபாஸில் உங்கள் கார் டயர் பஞ்சராகிறது. வாயில் வரும் முதல் வார்த்தை என்ன? சரி, அந்தக் கெட்ட வார்த்தையை விடுங்கள். அடுத்த வார்த்தை? ‘ஸ்டெப்னி!’

அது ஒரு தெருவின் பெயர் சார். பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கிற வேல்ஸில், கடலோரமாக லானெல்லி என்று ஒரு சின்ன ஊர். அந்தக் காலத்துக் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. 1904ல் டேவிஸ் சகோதரர்கள் அதைக் கண்டுபிடித்து, அந்த ஊர் ஸ்டெப்னி தெருவில் வைத்து விற்றார்கள். அங்கே அந்த வார்த்தையை மறந்து ரொம்ப நாளாச்சு. நம்ம ஊர் மெக்கானிக் இன்னும் விடவில்லை.

(லானெல்லி என்று எழுதுகிறேனே தவிர, உள்ளூர்க்காரர்கள் உச்சரிப்பது வேறு. நமக்கு ‘ழ’ மாதிரி அவர்களுக்கு அந்த இரட்டை ‘எல்’. வெளியூர்க்காரன் நாக்குக்கு வரவே வராது.)

சக்கரத்தை விட அந்த ஊருக்குப் பெருமை தந்தது ஒரு ரக்பி கிளப். முட்டை மாதிரி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட, எதிராளி பாய்ந்து கட்டிப்பிடித்துச் சாய்ப்பானே, அதே ஆட்டம்தான். லானெல்லி தகரத் தகடு செய்கிற தொழிலாளர் ஊர். சாஸ்பான் செய்வதும் அங்கே ஒரு காலத்தில் பெரிய தொழிலாக இருந்தது. ‘குட்டி சாஸ்பான்’ என்ற நாட்டுப்பாடல்தான் கிளப்பின் தேசிய கீதம். ஸ்ட்ரேடி பார்க் மைதானத்தில் கோல் கம்பங்களின் உச்சியில் சிவப்பு சாஸ்பான்களையே மாட்டி வைத்திருந்தார்கள்!

ஒரு முக்கியமான விஷயம். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ரக்பியின் சட்டமே அப்படி. காசு வாங்கினால் அவன் ஆட்டக்காரன் இல்லை.

கேட்க உன்னதமாக இருக்கிறது, இல்லையா? பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. நிலபுலன் உள்ள கனவான் சனிக்கிழமை ஆடினால் அவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. தகரப் பட்டறைத் தொழிலாளி ஆடப் போனால் அரைநாள் கூலி போச்சு. ‘போன கூலியை மட்டுமாவது கொடுங்கள்’ என்று வட இங்கிலாந்து கிளப்புகள் கேட்டன. மேலிடம் மறுத்தது. 1895ல் அவை கோபித்துக்கொண்டு தனிக்கட்சி ஆரம்பித்தன. அதுதான் ‘ரக்பி லீக்’. வேல்ஸ் பழைய கட்சியிலேயே இருந்தது.

அதற்கப்புறம், வீட்டுக் கஷ்டத்துக்காக எந்த வேல்ஸ்காரனாவது லீக் பக்கம் போய்க் காசு வாங்கினால், பழைய ஆட்டத்திலிருந்து ஆயுள் தடை. வேல்ஸின் மாபெரும் வீரர் கேரத் எட்வர்ட்ஸ் 1978ல் சுயசரிதை எழுதிப் பணம் வாங்கினார். அதற்கே அவரையும் தள்ளி வைத்தார்கள். ‘அதெல்லாம் சும்மா, ஷூவுக்குள் நோட்டைச் செருகிக் கொடுப்பார்கள்’ என்ற பேச்சும் ஊரில் அரசல்புரசலாக உண்டு.

இந்தச் சட்டத்துக்குள் இருந்துகொண்டே லானெல்லி என்ன செய்தது தெரியுமா?

1972. கிளப்பின் நூற்றாண்டு விழா சீசன். விருந்தாளி, நியூசிலாந்தின் ‘ஆல் பிளாக்ஸ்’. ரக்பியில் அவர்களை ஜெயிப்பதென்றால் நாடுகளே யோசிக்கும். லானெல்லியின் கோச் கார்வின் ஜேம்ஸ். சுரங்கத் தொழிலாளியின் மகன், கல்லூரியில் வேல்ஷ் மொழி ஆசிரியர். முந்தின வருஷம்தான் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியைக் கூட்டிக்கொண்டு போய் நியூசிலாந்து மண்ணிலேயே தொடரை வென்று வந்திருந்தார். லயன்ஸ் அங்கே தொடரை ஜெயித்தது இன்றுவரை அந்த ஒரே முறைதான். கேப்டன் டெல்மி தாமஸ், கம்பம் ஏறுகிற மின்வாரிய லைன்மேன்.

அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை. வேலை நாள்தான். ஆனால் இருபதாயிரம் பேருக்கு மேல் மைதானத்தில்! உள்ளே டிரெஸ்ஸிங் ரூமில் டெல்மி தாமஸ் பேசினார். நாட்டுக்காக ஆடியது, லயன்ஸுக்காக ஆடியது எல்லாவற்றையும் இன்றைய ஒரு வெற்றிக்காகக் கொடுத்துவிடத் தயார் என்கிற மாதிரி. முரட்டு ஆசாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஆரம்பத்திலேயே பில் பென்னட் உதைத்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பந்தை எடுத்த நியூசிலாந்துக்காரர் அதை உதைத்து வெளியேற்றப் பார்த்தார். ராய் பெர்ஜியர்ஸ் பாய்ந்து மறித்து, அப்படியே விழுந்து ‘டிரை’ போட்டார். 4 புள்ளி. பென்னட்டின் உதையில் இன்னும் 2. எதிரணிக்கு ஒரு பெனால்டி, 3. கடைசிக் கட்டத்தில் ஆண்டி ஹில் ரொம்பத் தூரத்திலிருந்து உதைத்த பெனால்டி உள்ளே போனது. 9-3!

லைன்மேனைத் தோளில் தூக்கிக்கொண்டது கூட்டம். அன்று ராத்திரி ஊர்க் கடைகளில் பீர் தீர்ந்துபோனது என்பது லானெல்லி பாட்டிகள் சொல்லும் கதை.

1995ல் ரக்பி சம்பளத்தை அனுமதித்தது. நூறு வருஷ அநியாயம் தீர்ந்தது. நல்லதுதான். ஆனால் சம்பளம் வந்தால் பின்னாடியே பேலன்ஸ் ஷீட்டும் வருமே! 2003ல் வேல்ஸின் பெரிய ரக்பி, கிளப்புகளின் கையிலிருந்து மண்டல அணிகளின் கைக்குப் போனது. லானெல்லியில் ‘ஸ்கார்லெட்ஸ்’ உருவானது. பழைய கிளப் ஒரு படி இறங்கியது. 2008ல் ஸ்ட்ரேடி பார்க்கையும் மூடினார்கள். அங்கே இப்போது வீடுகள்.

கூலி கொடுக்காதது தப்பு. சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஆல் பிளாக்ஸை ஜெயித்த கேப்டன் உங்கள் தெருக் கம்பத்தில் ஏறி ஃப்யூஸ் போட்டுவிட்டு, ‘கரண்ட் வந்துடுச்சா?’ என்று கேட்டிருக்கக்கூடிய ஊர் அது. இனி எந்தச் சம்பளத்துக்கும் அப்படி ஒரு கேப்டன் கிடைக்கப் போவதில்லை.

அடுத்த முறை டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுக்கும்போது, அந்த லைன்மேனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், காற்று இருக்கிறதா என்று பாருங்கள்!