மணலும் சீமெந்தும் வரைந்த கோலம்

கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களில் முற்றம் என்பது நெடுங்காலமாக மணல் முற்றமே. மருதமுனையிலும் அதன் அயலூர்களிலும், விடிகாலையில் விளக்குமாற்றின் கோடுகள் பதிந்து கிடக்கும் வெண்மணலே அவ்வீட்டாரின் துப்புரவுக்குச் சான்றாக விளங்கிற்று. இன்று அம்மணலின்மேல் கொங்கிறீற்றுக் கற்கள் பரவி வருகின்றன. பூ வடிவிலும் அறுகோண வடிவிலும் வார்க்கப்பட்ட இக்கற்களைக் காண்போர், இவை அண்மைக்காலத்து ஆலைப் பொருள் என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. அச்சும் மணலும் சீமெந்தும் கொண்டு தரையை அழகு செய்யும் இத்தொழிலுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சிறந்த பகுதியொன்று தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலே நிகழ்ந்தது.

முன்னாளில் நம் கரையோரத்தார் சிப்பியையும் முருகைக்கல்லையும் சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினர். 1824 இல் இங்கிலாந்தின் லீட்சு நகரத்துக் கொத்தர் யோசப் அசுப்டின் என்பார் 'போட்லண்ட் சீமெந்து' என்னும் பெயரில் ஒரு கலவைக்கு உரிமை பெற்றார். இப்பொடியின் சிறப்பு யாது? செங்கல்லும் ஓடும் செய்பவன் தன் சூளைக்கு விறகு தேட வேண்டும். சீமெந்தைப் பொறுத்தவரை, நெருப்பு தன் வேலையை ஆலையிலேயே முடித்துவிடுகிறது. பின்னர் அது நீரை உண்டு தானே இறுகும். ஆகவே வண்ணக் கல் செய்யச் சூளையே வேண்டியதில்லை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரான்சு தேசத்தார் கண்டுகொண்டனர். இசுப்பானியாவின் பார்சிலோனா நகரில் இக்கலை செழித்தது. 1904 இல் கட்டடக் கலைஞர் கௌடி அங்கு ஓர் அறுகோணக் கல்லை வகுத்தார். கடல்வாழ் உயிர்களின் உருவங்கள் அதன்மேல் உள்ளன. ஒரு கல்லில் முற்றுப்பெறாத உருவம், அயற்கற்கள் வந்து சேர்ந்த பின்னரே நிறைவெய்தும். வீட்டினுள்ளே பதிப்பதற்கென வகுத்த அவ்வடிவம், பிற்காலத்தில் அந்நகரத்துப் பெருவீதியின் நடைபாதைக்கே கல்லாயிற்று.

இனித் தமிழ்நாட்டை நோக்குவோம். கொழும்புச் செட்டியார் தெருவிலும் பர்மாவிலும் மலாயாவிலும் பொருளீட்டிய நாட்டுக்கோட்டை நகரத்தார், காரைக்குடியைச் சூழ்ந்த தம் ஊர்களில் மாளிகைகள் எழுப்பினர். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஐரோப்பிய ஓடுகளும் கப்பலேறி வந்தன. இலங்கை வாணிகத்தில் ஈட்டிய செல்வமும் அம்மாளிகைகளிலே கலந்திருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது. கடல்கடந்து வந்த ஓடுகளின் அழகை அண்டையிலுள்ள ஆத்தங்குடியின் தொழிலாளர் தம் ஊர் மண்ணிலேயே ஆக்கிக் காட்டினர். ஐரோப்பியர் கல்லை அழுத்துதற்கு நீரழுத்தப் பொறியைக் கையாண்டனர். ஆத்தங்குடியார்க்கோ ஒரு கண்ணாடித் தகடே போதுமானதாயிற்று.

அவர்தம் செய்முறை கேட்டறியத்தக்கது. இரும்புச் சட்டத்தினுள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூவேலை அச்சினை இருத்துவர். சீமெந்தும் நுண்மணலும் சாயப்பொடியும் சேர்ந்த வண்ணக் குழம்பை அச்சின் ஒவ்வோர் அறையிலும் அகப்பையால் ஊற்றுவர். பின்னர் அச்சினைக் கை நடுங்காது மேலே தூக்குவர். நடுங்கினால் சிவப்பு மஞ்சளோடு கலந்துவிடும், அக்கல் வீணாகும். வண்ணத்தின்மேல் உலர்ந்த சீமெந்துக் கலவையைத் தூவி ஈரத்தை உறிஞ்சச் செய்து, அதன்மேல் ஈரச் சாந்தினை அப்பிச் சமப்படுத்துவர். இறுகிய கல்லைச் சில நாள் நீர்த் தொட்டியில் ஆழ்த்தி, எடுத்து வெயிலில் உலர்த்துவர். அப்பொழுது கண்ணாடி தானே பிரிய, கல்லின் முகம் அக்கண்ணாடியின் பளபளப்பைப் பெற்றிருக்கும். நாள்தோறும் மக்கள் நடக்க நடக்க அத்தரை மேலும் மெருகேறும் என்பர். மாளிகைக்குடையவர் பெயர் அறியப்படுகிறது. கை நடுங்காது அச்சுத் தூக்கியவர் பெயரை எந்தச் சுவரும் தாங்கவில்லை.

பம்பாயிலும் 1922 இல் பாரத் ஓட்டுத் தொழிலகம் தோன்றிற்று. அந்நியத் துணியை விலக்கிய அக்காலத்துச் சுதேசி உணர்வு தரைக்கும் இறங்கி வந்ததென இதனைக் கொள்ளலாம். இலங்கையிலோ, 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறை ஆலை உள்நாட்டுச் சீமெந்தை வழங்கிற்று. 1990 இல் போர் அதனை மூடிற்று.

பின்னர் மொசைக்குத் தரை வந்தது. அதன்பின் ஆலையில் சுட்ட வழுவழுப்பான ஓடு வந்தது. ஒரு பொறி ஒரு நாளில் ஆக்குவதை ஆத்தங்குடியார் பல மாதங்களிலும் ஆக்க இயலாது. மருதமுனையின் கைத்தறி நெசவாளர்க்கு இக்கதை புதிதன்று. விசைத்தறித் துணி மலிவாக வந்து குவிந்தபோது அவர்கள் எதிர்ப்பட்ட இடரே இது. எனினும், பழைய மாளிகைகளைப் புதுப்பிப்போர் நாடி வருவதால் ஆத்தங்குடியின் தொழில் அழிந்தொழியவில்லை. தேவைக்கேற்ப நிறமும் பூவும் மாற்றிச் சில நூறு கற்களை மட்டும் வார்த்துக் கொடுப்பது கைத்தொழிலுக்கே எளிது. பெரிய ஆலை அதற்கு இணங்காது.

முற்றத்துக் கல்லுக்கு மட்டும் ஆத்தங்குடியின் பளபளப்பு ஆகாது. மாரி மழையில் அது வழுக்கும். அங்கே சொரசொரப்பான முகமும் ஏறத்தாழ இரண்டு அங்குலத் தடிப்பும் வேண்டும். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் தகும். சாயம் சீமெந்து நிறையில் பத்திலொரு பங்கைத் தாண்டினால் உறுதி குன்றும். இரும்புத் துருவினத்தைச் சேர்ந்த சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் வெயிலுக்கு ஈடுகொடுப்பவை. வார்த்த கல்லை ஒரு கிழமையேனும் ஈரம் காயாமற் காத்தல் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். கடற்கரை மணல் வாசலிலேயே கிடக்கிறது என்று அதனை அள்ளிக் கலப்பதும் முறையன்று. அள்ளுந்தோறும் கரை தேயும். அதில் உறையும் உப்போ, கல் காய்ந்த சில நாட்களில் வெண்பூப்பாக வெளிப்பட்டு, அரும்பாடுபட்டு வார்த்த சிவப்பையும் மஞ்சளையும் மூடிவிடும்.