மெட்டல் டிடெக்டருக்குச் சிக்காத கோலார் தங்கம் (த்ரெட்)

1/ ஓபியில ஒரு தம்பி கேட்டார்: "சார், ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிட்டுப் போய் கேஜிஎஃப் மண்மேட்டுல தேடினா தங்கம் கிடைக்குமா?" நம்ம பர்கூர்ல இருந்து வடக்கே குப்பம் தாண்டினா கேஜிஎஃப். ஆசை வரத்தான் செய்யும். ஆனா கிடைக்காது தம்பி.

2/ 1802. மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இங்க தங்கம் இருக்குன்னு கேள்விப்பட்டு, காட்டுறவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சார். ஊர்க்காரங்க வண்டியில மண் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே தண்ணியில அலசி தங்கத்துகளை எடுத்துக் காட்டினாங்க. தங்கம் வெங்கச்சங்கல்லைவிட ஏழு மடங்கு கனம். மண் ஓடிடும், தங்கம் அடியில நிக்கும். அவ்வளவுதான் டெக்னாலஜி!

3/ டிடெக்டர் வேலை செய்யறது வேற மாதிரி. அதோட சுருள் மாறிக்கிட்டே இருக்கிற காந்தப்புலத்தை அனுப்பும். உலோகத்துக்குள்ள மின்சாரம் சுழலும். அந்தச் சுழற்சியைத்தான் கருவி கேட்குது. கட்டித் தங்கம்னா பெரிய வட்டமா, கொஞ்ச நேரம் சுத்தும். அதே எடைத் தங்கம் வெங்கச்சங்கல்லுக்குள்ள நூல் நூலா, பொடிப்பொடியா பிரிஞ்சு கிடந்தா? சுத்த இடமே இல்ல. கருவி காது கொடுக்கிறதுக்குள்ள அடங்கிடும். போதாததுக்குச் செம்மண்ணுல இருக்கிற இரும்புத்தாது வேற கூச்சல் போடும்.

4/ கோலார் தங்கம் பெரும்பாலும் இந்தப் பொடி ரகம். அதனாலதான் 1880-ல வந்த ஜான் டெய்லர் கம்பெனி பாறையையே வெட்டி, இடிச்சு மாவாக்கி, பாதரசத்துலயும் பிறகு சயனைடுலயும் தங்கத்தைப் பிரிச்சுது. கடைசிக் காலத்துல ஒரு டன் பாறைக்கு சுமார் 3 கிராம்தான். 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை மூடினாங்க. நீங்க தேடப் போறது, அந்த 3 கிராமையும் எடுத்த பிறகு கொட்டின மாவு.

5/ இப்ப என் சப்ஜெக்ட். வெங்கச்சங்கல்னா சிலிக்கா. தங்கத்தை எடுக்க அதைப் பொடியாக்கணும். அந்தப் பொடி மூச்சுல போனா சிலிகோசிஸ். வட ஆற்காடு, சேலம் ஜில்லாவுல இருந்து (அப்ப கிருஷ்ணகிரியும் சேலம்தான்) கூலிக்குப் போனவங்க எத்தனை பேர் இருமிக்கிட்டே திரும்பினாங்க! வேலையை விட்டாலும் இது வளரும். டிபியும் சுலபமா தொத்தும்.

6/ வீட்ல கேஜிஎஃப் சுரங்கத்திலயோ, இங்க கிரானைட், கிரஷர் வேலையிலயோ இருந்த பெரியவர் இருக்காரா? டிபி மாத்திரை முடிச்சும் மூச்சு வாங்குதா? ஓபி சீட்டு எழுதும்போதே பழைய வேலை என்னன்னு சொல்லுங்க. எக்ஸ்ரே பார்க்கிற எங்களுக்கு அது ரொம்ப முக்கியம்.