தோமன் பல்லுக்குத் தாங்கும் நரம்பு எது?

தெமெங்கோர், கெனிர் ஏரிகளிலும் பழைய ஈயக் குட்டைகளிலும் தூண்டில் போடுவோர் ஆசையோடு தேடும் மீன் தோமன். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்குச் சூப்பு வைத்துக் கொடுக்கும் ஹாருவான், அதாவது விரால் இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. வாய் நிறையக் கூரிய பற்கள். விராலுக்குக் கட்டிய நரம்போடு போனால் மீனும் மிஞ்சாது, காசு போட்டு வாங்கிய பொய்த் தவளையும் மிஞ்சாது.

ரீலில் சுற்ற 30 முதல் 50 பவுண்டு பின்னல் நூல் ஏற்றது. அதே பலமுள்ள தங்சியைவிட இது மெல்லியது, இழுத்தால் நீளாது. மீன் கவ்வியதும் கொக்கி ஏறுவது அதனால்தான். ஆனால் பல் பட்டாலோ, ஏரியில் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டையில் உரசினாலோ இழை இழையாக அறுந்துவிடும். ஆகவே நுனியில் லீடர் வேண்டும். மலாய்க்காரர்கள் இதைப் பெரம்புட் என்பார்கள்.

பொய்த் தவளைக்கு 40 முதல் 60 பவுண்டு ஃபுளோரோகார்பன், இரண்டடி நீளம் போதும். கடையில் பவுண்டை மட்டும் பார்த்து வாங்குவது பலரும் செய்யும் தவறு. பல்லைத் தாங்குவது தடிமன். எனவே சுருளில் மில்லிமீட்டரையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை நகத்தால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுவது நல்லது.

உயிர் இரைக்கும் ஸ்பூனுக்கும் நைலான் பூசிய எஃகுக் கம்பி, 15 முதல் 20 சென்டிமீட்டர். மிதக்கும் தவளைக்குக் கனமான கம்பி கட்டினால் அதன் மூக்கு அமிழ்ந்து ஆட்டம் கெடும். பின்னல் நூலை நேராகக் கம்பியில் முடியாமல் நடுவில் சுவிவல் வைக்க வேண்டும். மடிந்து நெளிந்த ஒற்றைக் கம்பி குப்பைக்குத்தான்.

அறுந்துபோனால் நுனியைப் பார்த்தாலே காரணம் தெரியும். சுத்தமாக வெட்டியிருந்தால் பல். பஞ்சு போலப் பிரிந்திருந்தால் உரசல். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. முடிச்சை இறுக்குமுன் எச்சில் தடவாதவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கதைதான்.

அறுந்த நரம்போடு ஓடும் தோமன் வாயில் கொக்கியும் போகிறது. சரியாக இரை தின்ன முடியாமல் அது செத்தும் போகலாம். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மூச்செடுக்க மேலே வரும் இடத்தில் இந்த இழப்பு இன்னும் பெரிது. அடியில் தாய் தந்தை காவல் இருக்கும்; பசிக்காக அல்ல, கோபத்தில்தான் பாய்ந்து கவ்வும். காவல் போனால் மற்ற மீன்கள் குஞ்சுகளை விட்டுவைப்பதில்லை.