ஆயுத பூஜையும் அடம் பிடித்த புல்வெட்டியும்

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நைனா எங்களோட ஓஹையோவில் இருந்தார். சத்தியவேட்டில் இருந்தால் வீட்டில் இருக்கிற மண்வெட்டி முதல் மோட்டார் வரைக்கும் கழுவிப் பொட்டு வைக்கிற மனுஷர். இங்கே அவர் கண்ணில் பட்டது கராஜில் நின்ற புல்வெட்டி. உட்கார்ந்து ஓட்டுகிற வகை, குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். "ஏம்பா, வருஷம் முழுக்க உனக்கு உழைக்குது, அதுக்கு ஒரு பூசை கிடையாதா?" என்றார்.

சரி என்று ஹோஸ் பைப்பை எடுத்து மேலும் கீழும் அடித்துக் கழுவினோம். ஏழு வயசு மகள் சந்தனம் வைத்தாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கற்பூரம், எல்லாம் ஆச்சு. நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் அதே கதைதான். எலுமிச்சம்பழம் நசுங்காமல் அப்படியே இருந்தது. பூஜையில் வண்டி கிளம்பவில்லை என்றால் நைனா முகம் எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

"எங்கப்பா ஆயில் எஞ்சினை நான் கிணத்துத் தண்ணி ஊத்திக் கழுவுவேன். ஹேண்டில் போட்டுச் சுத்தினா ஓடும். இது என்னப்பா, அமெரிக்காக்காரன் வண்டி, தண்ணி பட்டா படுத்துக்குது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்தான் இந்தப் பதிவு.

தாத்தா வைத்திருந்தது லிஸ்டர் டைப் எஞ்சின். நைனா பிறந்தபோது எங்கள் ஊர் செங்கல்பட்டு ஜில்லா. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போக, பதிலுக்கு சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. நான் பிறந்தது சித்தூர் ஜில்லாவில். 2022-லிருந்து திருப்பதி ஜில்லா. ஊர் மட்டும் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது :-) எல்லை எப்படி மாறினாலும் கிணற்று மேட்டில் அந்த எஞ்சினின் டுக் டுக் சத்தம் மாறவில்லை.

லிஸ்டர் கம்பெனி இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பக்கம் டர்ஸ்லி என்ற சின்ன ஊரில் 1867-ல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர். அவருடைய அப்பா ஜார்ஜ் லிஸ்டர் கம்பளி ஆலைகளுக்கு இயந்திரம் செய்தவர். அந்த அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் எட்வின் பியர்ட் பட்டிங். உலகத்தின் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830-ல் பேடண்ட் வாங்கினவர் இவர்தான்! கம்பளித் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சீவி விடுகிற சுழல் கத்தி இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, இதையே தரையில் உருட்டினால் புல்லைச் சீவாதா என்று யோசித்திருக்கிறார். 1846-ல் டர்ஸ்லியிலேயே இறந்தார். ஆக, என் கராஜில் நிற்கிறதும் தாத்தா கிணற்றில் ஓடினதும் ஒரே ஊர்ச் சொந்தக்காரர்கள். நைனாவிடம் இதைச் சொன்னதும் கொஞ்சம் சமாதானமானார்.

ஆனால் சொந்தக்காரர்களுக்குள் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆயில் எஞ்சின் டீசலில் ஓடுவது. உள்ளே காற்றை அமுக்கி அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். கரண்டும் கிடையாது, ஒயரும் கிடையாது. வெளியே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அதற்குக் கவலையில்லை. பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும். 1902-ல் பாஷ் கம்பெனியில் காட்லோப் ஹோனோல்ட் என்பவர் உயர் அழுத்த மேக்னெட்டோவைக் கொண்டு வந்தார். இங்கிலாந்தின் ரான்சம்ஸ் கம்பெனி பெட்ரோல் புல்வெட்டியை விற்க ஆரம்பித்ததும் அதே 1902-ல்தான். இன்றைக்கும் சின்னப் புல்வெட்டிகளில் அடிப்படை அதேதான். சுற்றுகிற ஃப்ளைவீலில் காந்தம், பக்கத்தில் ஒரு காயில், அதிலிருந்து ஸ்பார்க் பிளக்.

இந்த எஞ்சினை நிறுத்துவது எப்படி தெரியுமா? வீட்டு லைட்டை அணைப்பது போல இணைப்பைத் துண்டிப்பதில்லை. காயிலிலிருந்து வரும் ஒரு ஒயரை பாடியோடு சேர்த்து எர்த் ஆக்கிவிடுவார்கள். எர்த் ஆனால் பொறி வராது. அதாவது இணைப்பு ஏற்பட்டால் எஞ்சின் நிற்கும். தண்ணீர் அந்த ஒயரின் கனெக்டருக்குள் புகுந்து பாடியைத் தொட்டுக்கொண்டால், யாரோ 'நிறுத்து' என்று சொல்லிவிட்டதாகத்தான் எஞ்சின் எடுத்துக்கொள்ளும்.

அந்த ஒயர் நேராகச் சாவிக்குப் போவதில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச், பிரேக் பெடலில் ஒன்று, கத்தியை ஓட்டுகிற லீவரில் ஒன்று. கத்தி சுற்றும்போது ஆள் சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். பிரேக்கை மிதிக்காமலோ கத்தியை அணைக்காமலோ சாவி திருப்பினால் ஸ்டார்ட்டரே சுற்றாது. நான் ஊரில் பாங்க்கில் சேர்ந்த புதிதில் ஸ்ட்ராங் ரூமுக்கு ரெண்டு சாவி, ரெண்டு ஆபீசர். ஒருத்தர் லீவு போட்டால் கதவு திறக்காது. எரிச்சலாக இருக்கும், ஆனால் அதற்காக யாரும் பூட்டை அறுப்பதில்லை.

அறுக்கச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். நல்ல மனுஷர், பனிக்காலத்தில் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிக் கொடுப்பவர். "அந்த சீட் சுவிட்ச் எப்பவும் தொல்லைதான், காயிலிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிவிடு, இப்பவே ஓடும்" என்றார். உண்மைதான், ஓடும். அப்புறம் நான் தவறி விழுந்தாலும் ஓடும், சாவியை எடுத்தாலும் ஓடும். சந்தனம் வைத்த மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த சுவிட்சுகள் கம்பெனிக்காரர்கள் பொழுதுபோகாமல் வைத்தவை அல்ல. நடந்து தள்ளுகிற மோட்டார் புல்வெட்டிகளின் கத்தி பட்டு வருஷத்துக்குச் சுமார் 77,000 பேர் காயப்படுகிறார்கள் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்குப் போட்டது. 1979-ல் விதி எழுதி 1982-ல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். கைப்பிடியை விட்டால் 3 விநாடிக்குள் கத்தி நிற்கவேண்டும். உட்கார்ந்து ஓட்டுகிற வண்டிகள் அந்த விதியில் வராது. அவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட தர விதிகள் தனி, சீட் சுவிட்ச் அந்த வழியில் வந்தது. தாத்தா மடியில் பேரனை வைத்துக்கொண்டு புல் வெட்டுகிற படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், கை நழுவினால் கீழே கத்தி. பதினாறு வயசுக்குக் கீழே யாரும் இதை ஓட்டக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது, மடியில் வைத்துக்கொள்வதும் கூடாது.

இதை நைனாவுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நம்ம கொல்லியில தண்ணி பாய்ச்ச வந்தவன் ஒருத்தன், எஞ்சின் பெல்ட்டுல வேட்டி மாட்டி ரெண்டு விரல் போச்சு. ஓடி வந்து எஞ்சினை நிறுத்தறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்றார். இத்தனை வருஷத்தில் எனக்குச் சொன்னதே இல்லை. நம் நாட்டிலும் கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர்கள் அதிகமானதால்தான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் வந்தது. அமெரிக்காவில் விதி அமலான அடுத்த வருஷம்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஆனால், முதலில் சாவியை எடுத்துவிட்டு பிளக்கின் ரப்பர் தொப்பியைக் கழற்றுங்கள், அதற்கப்புறம்தான் அடியில் கை. சாவி திருப்பினால் சத்தமே இல்லை என்றால் பேட்டரி, ஃப்யூஸ், பிரேக் சுவிட்ச், கத்தி சுவிட்ச் பக்கம் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பிளக் தொப்பிக்குள் ஈரம், ஏர் ஃபில்டர் காகிதம் நனைந்தது, அல்லது அந்த எர்த் சமாசாரம். ஸ்டார்ட் ஆகி, பிரேக்கை விட்டதும் அணைந்தால் பெரும்பாலும் சீட் சுவிட்சுதான். சும்மா சும்மா சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரைச் சூடாக்க வேண்டாம்.

எனக்கு பிளக் தொப்பி காய்ந்துதான் இருந்தது, ஃபில்டரும் சரி. சீட்டைத் தூக்கிக் கனெக்டரைக் கழற்றினால் உள்ளேயிருந்து அரை ஸ்பூன் தண்ணீர் கொட்டியது. நானேதான் ஹோஸை அங்கே பிடித்திருக்கிறேன். துடைத்து, வீட்டுக்காரியின் ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் காட்டி (அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்), ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தேன். காலையில் கனெக்டருக்கென்று விற்கிற கிரீஸைக் கொஞ்சம் தடவி மாட்டினேன். இனிமேல் கழுவுவது என்றால் கத்திக்கு அடிப்பக்கம் மட்டும். மேலே ஈரத்துணிதான்.

மறுநாள் விஜயதசமி. மகளை வாசல் படியில் அவள் பாட்டியோடு நிற்க வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். ரெண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. முதல் நாள் வைத்த எலுமிச்சம்பழத்தை எடுத்துப் போட்டுவிட்டு நைனா புதுசாக நாலு வாங்கி வைத்திருந்தார். பழையது ஆகாதாம்.