அக்கி எழுதிய மூன்று நாள்

வடசென்னை மக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வழங்கும் ஸ்டான்லி மருத்துவமனை, 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது. 1938-இல் அது மருத்துவக் கல்லூரியாகவும் உயர்ந்தது. அத்தகைய வைத்தியசாலை அருகிலிருந்தும், அக்கிக் கொப்புளங்கள் வரிசை கட்டி எரியத் தொடங்கினால், துறைமுகத்துக் கூலியாட்களிலும் திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளரிலும் முதலில் குயவர் வீட்டுத் திண்ணையை நாடியவர் பலர்.

அங்கே அக்கி எழுதுவார்கள். செங்காவியை நீரில் குழைத்து, கொப்புளங்களின் மீதும் சுற்றிலும் தீட்டி, சிலர் சிங்க உருவமும் வரைந்து, வாய்க்குள் மந்திரம் முணுமுணுத்தபடி மூன்று நாள் எழுதுவது வழக்கம். நெருப்பாய் எரியும் தோலில் குளிர்ந்த மண் படியும் சுகமும், பிறர் தீண்ட அஞ்சும் ரணத்தை ஒரு மனிதர் அருவருப்பின்றித் தொடும் ஆறுதலும் மெய்யானவை. விலாவில் வரும் அக்கி பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடுமாதலால், எழுத்தின் மகிமை ஊரில் நிலைபெற்றதில் வியப்பில்லை.

சின்னம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகிய அதே மக்கள், அக்கிக்குக் குயவரை அழைத்தனர். இரண்டும் ஒரே கிருமியின் செயல் என்ற ஐயம் மேல்நாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுந்தது. சின்னம்மை தணிந்தபின் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கும் அக்கிருமி, முதுமையிலோ பலவீனத்திலோ விழித்து, நரம்பின் வழியே தோலை அடைகிறது. முகத்தை இயக்கும் கபால நரம்பில் அது விழித்தால் நேர்வதை அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ராம்சே ஹண்ட் 1907-இல் விவரித்தார்: காதில் கொப்புளமும் கடும் வலியும் தோன்ற, அப்பக்கத்து முகம் செயலிழக்கிறது; புருவம் உயராது, இமை மூடாது, குடித்த நீர் கடைவாயில் வழியும்; சிலருக்குச் செவியும் மந்தமாகித் தலை சுழலும்.

அக்காலத்தில் அந்நரம்பைக் காக்கும் மருந்து ஸ்டான்லியிலும் இல்லை, உலகில் எங்குமே இல்லை. ஆகவே குயவரிடம் போனவர் இழந்தது அதிகமன்று. 1980-களில் அக்கிருமியை ஒடுக்கும் அசைக்ளோவிர் புழக்கத்துக்கு வந்தபின் நிலைமை அடியோடு மாறிற்று. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அம்மருந்தின் பயன் மிகுதி. அக்கி எழுதும் காலமோ சரியாக அந்த மூன்று நாள். வழக்கம் மாறவில்லை, அதற்குக் கொடுக்கும் விலை ஏறிவிட்டது. நெற்றியில் எழுந்த அக்கி மூக்கு நுனிக்கு இறங்கினால் கண்ணுக்கு ஆபத்து என்பதை மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் அறிவார். காவி அப்பிய முகத்திலோ அக்குறியே மறைந்துபோகிறது.