இடமீட்பு: ஒரு சொல்லின் வரலாறு
கேரி தீவின் தோட்டங்கள், கடல்நீர் புகாவண்ணம் கரையெழுப்பி வாய்க்கால் வெட்டி மீட்ட நிலத்தில் எழுந்தவை. நம்மவர் உழைப்பு அதில் பெரிது. கடல் வற்றும்போது மதகு திறந்து உள்நீர் வடியும், ஏறும்போது மூடும். இதனை நாம் நினைவூட்டக் காரணம் ஒரு சொல்லே. கணினி நினைவகத்தின் காலியிட எல்லைகளுக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் நீர்மட்டக்குறி. பக்கங்களைத் திரும்பப் பெறுவதற்கும் நிலத்தை மீட்பதற்கும் அவர்கள் ஆள்வது ஒரே வினை.

1962-இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினி, உள்ள நினைவகத்தினும் பெரியதொரு வெளியை நிரல்களுக்குக் காட்டியது. இடம் நிரம்பினால் எதை வெளியேற்றுவது? 1968-இல் கோர்பட்டோ விளக்கிய கடிகார முறை, அண்மையில் தொடப்படாத பக்கத்தைச் சுற்றிச்சுற்றித் தேடியது.

லினக்ஸ் கருனியில் இப்பணி கேஸ்வாப்டி என்னும் பின்னணி இழையினுடையது. காலியிடம் கீழ்க்குறிக்குக் குறைந்தால் விழிக்கும். மேற்குறியை எட்டியதும் உறங்கும். மாற்றம் பெறாத கோப்புப் பக்கத்தை அப்படியே விடும்; மாறியதை வட்டில் எழுதிய பின்னரே விடும். அடிக்குறிக்கும் கீழே போனால் இடம் கேட்ட நிரலே தன் வேலையை நிறுத்தித் துப்புரவில் இறங்க நேரும். மாணவர் காணும் திணறல் பலவேளை இதுவே.

வெறுமனே மீட்பு என்றால், இழந்த தரவை மீட்பதென மாணவர் மயங்குவர். மீட்கப்படுவது இடம், ஆதலின் இடமீட்பு என்றே எழுதிவருகிறோம்.