கண்ணாடியிழைப் பாய்மரப் படகில் துளையிடலும் அடைத்தலும்

கண்ணாடியிழைப் பாய்மரப் படகில் துளையிடலும் அடைத்தலும் என்பது, கொண்டி, விஞ்சு, கைப்பிடிக் கம்பி முதலிய உறுப்புகளைப் படகில் பொருத்துவதற்காகத் துளையிட்டு, அத்துளை வழியே நீர் புகாதவாறு காக்கும் முறையாகும். 1959-இல் அமெரிக்காவில் வெளிவந்த பியர்சன் டிரைட்டன், தொடக்ககாலத்தில் பெருமளவில் செய்யப்பட்ட கண்ணாடியிழைப் பாய்மரப் படகுகளுள் ஒன்று. அக்காலப் படகுகள் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. அவற்றின் ஆயுளைக் குறைப்பவற்றுள் ஒன்று, சரியாக அடைக்கப்படாத துளை.

'''அமைப்பு'''

பல படகுகளின் மேல்தளம் ஒரே கட்டியான கண்ணாடியிழையால் ஆனதன்று. இரண்டு மெல்லிய கண்ணாடியிழைத் தகடுகளுக்கு இடையே பால்சா மரம், ஒட்டுப்பலகை அல்லது நுரைப்பொருள் வைக்கப்படுகிறது. இதனால் எடை கூடாமல் விறைப்பு கிடைக்கிறது. ஆனால் துளை வழியே நீர் கசிந்தால் நடுவில் உள்ள மரம் ஊறி அழுகும். தகடுகள் பிரிந்து, மிதிக்கும்போது தளம் அமுங்கும். வெளிப்பார்வைக்கு நெடுநாள் எதுவும் தெரியாது.

'''மேல்தளத்தில் துளையிடும் முறை'''

# 6 மி.மீ மரையாணிக்கு முதலில் ஏறத்தாழ 12 மி.மீ துளை இடப்படுகிறது. கண்ணாடியிழைத் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது; முகமூடி அணிதல் வேண்டும்.
# வளைந்த ஆணியைத் துளைப்பானில் பொருத்திச் சுழற்றி, துளையைச் சுற்றியுள்ள மரம் சிறிது அகற்றப்படுகிறது.
# அடிப்பக்கம் நாடாவால் மூடப்பட்டு, எப்பாக்சிப் பிசின் பூசப்படுகிறது. பின்னர் நுண்சிலிக்கா கலந்து கெட்டியாக்கிய பிசினால் துளை நிரப்பப்படுகிறது.
# பிசின் இறுகியபின் அதன் நடுவில் 6 மி.மீ துளை இட்டு, மேல்விளிம்பு சற்றுச் சாய்வாகச் சீவப்படுகிறது.
# பியூட்டைல் நாடா அல்லது பாலியூரித்தேன் அடைப்பான் வைத்து உறுப்பு பொருத்தப்படுகிறது. மரையாணியைத் திருப்பாமல் அடியிலுள்ள நட்டை மட்டும் இறுக்கினால் அடைப்பு குலையாது. சுமை பரவ, அடியில் தாங்குதகடு இடப்படுகிறது.

அடைப்பான் காலப்போக்கில் தளர்ந்துவிடும். அவ்வாறு தளர்ந்தாலும், எப்பாக்சி வளையம் நீரை மரத்திற்குள் விடாது. நீர் அறைக்குள் சொட்டுவதால் பழுது உடனே தெரியவரும். இதுவே இம்முறையின் பயன். சிலிக்கோன் அகற்றியபின்னும் படலமாக எஞ்சி, வேறு பூச்சுகள் ஒட்டுவதைத் தடுப்பதால் பலர் அதைத் தவிர்க்கின்றனர்.

'''நீர்மட்டத்திற்குக் கீழே'''

இங்கு ஏற்படும் பழுது படகையே மூழ்கடிக்கக்கூடும். நீர்மட்டத்திற்கு 60 செ.மீ கீழே 38 மி.மீ விட்டமுள்ள துளை திறந்திருந்தால், நிமிடத்திற்கு 100 லீட்டருக்கும் மேலான நீர் உட்புகும். ஆகவே இத்தகைய துளை, படகு கரையேற்றப்பட்ட நிலையில் மட்டுமே இடப்படுகிறது. அதில் வெண்கலக் குழாயும், மூடித் திறக்கும் வால்வும் பொருத்தப்படுகின்றன. சாதாரணப் பித்தளை ஏற்றதன்று. கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தை அரித்து, உலோகத்தை நொறுங்கச் செய்துவிடும். வால்வு உடைந்தால் உடனே அடிப்பதற்காக, கூம்பு வடிவ மரத்தக்கை ஒன்றை அதன் அருகிலேயே கட்டி வைப்பது வழக்கம்.

'''இவற்றையும் பார்க்க'''
* பாய்மரப் படகு
* எப்பாக்சி
* பால்சா மரம்